காணியும் கரும்பும்: பிஜித் தீவின் இரு சமூகங்கள்

1874-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் தேதி, தென் பசிபிக் மகாசமுத்திரத்தில் ஓவலாவ் என்னும் சிறு தீவின் லெவூக்காத் துறைமுகத்தில், பாவ் தீவின் அதிபதியான தக்கொம்பாவும் அவருடன் ஒத்துவந்த பிற தலைவர்களும் பிஜித் தீவுகளை விக்டோரியா மகாராணிக்கு ஒப்படைத்துச் சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். யுத்தத்தில் தோற்றுச் சரணடைந்தவர்கள் அல்லர் அவர்கள். நஷ்டஈடு என்ற பெயரால் அமெரிக்கர் தலைமேல் ஏற்றிய கடனும், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி விலை ஏறியதைக் கண்டு ஓடிவந்த வெள்ளைத் தோட்டக்காரர்களின் நிலப்பசியும், தலைவர்களுக்குள்ளேயே ஓயாதிருந்த பகையும் சேர்ந்து நாட்டை நிலைகுலையச் செய்துவிட்டபடியால், பெரிய ராஜ்யம் ஒன்றின் நிழலில் ஒதுங்குவதே க்ஷேமம் என்று கருதி அவர்கள் தாமாக முன்வந்து கொடுத்தார்கள். கொடுத்ததை என்றேனும் திருப்பித் தரும் காலம் வந்தால் அது கொடுத்தவர்களின் கையிலேயே வந்து சேரவேண்டும் என்ற எண்ணம் பிஜியத் தலைவர்களின் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருந்தது. பின்னால் அந்த நாட்டில் நேர்ந்த அனர்த்தங்களை விளங்கிக்கொள்ள விரும்புகிறவர் இந்த எண்ணத்தை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும்.

புதிய ஆட்சி கொண்டுவந்த முதல் பரிசு மரணமாக இருந்தது. சிட்னி நகரத்துக்கு விஜயம் செய்து 1875-ஆம் வருஷத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் திரும்பிய தக்கொம்பாவும் அவருடைய மைந்தரும் தங்களோடு தட்டம்மையையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்நோயை முன்பின் அறியாத ஜனங்கள் கிராமம் கிராமமாக மடிந்தார்கள். நாற்பதினாயிரம் பேர், அதாவது ஜனத்தொகையில் நாலில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் சில மாதங்களுக்குள் மாண்டிருக்கவேண்டும் என்பது சரித்திர ஆசிரியர்களின் மதிப்பீடு. அந்தப் பேரழிவின் சுவடு மறையுமுன் ஜூன் மாதத்தில் வந்து இறங்கியவர்தான் கவர்னர் ஸர் ஆர்தர் கோர்டன். டிரினிடாடிலும் மொரீஷியஸிலும் கவர்னராக இருந்துவிட்டு வந்தவர். பிற்பாடு இலங்கைக்கும் கவர்னராகச் சென்றவர். தாம் ஆளவந்த மக்கள் பூண்டோடு அற்றுப்போவார்களோ என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. அந்த அச்சத்தில் பொய் ஏதும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் வகுத்த திட்டம் இரண்டு கால்களில் நின்றது. முதலாவதாக, பிஜியரின் பூர்வீக நிலத்தை விலைக்கு விற்பதற்குத் தடை விதித்தார். வெள்ளையர் தமக்கு உரியவை என்று சொல்லிக்கொண்ட நிலங்களை விசாரித்து, மெய்யெனக் கண்டவற்றை மட்டும் உறுதிசெய்து, எஞ்சியதை மத்தாங்கலி எனப்படும் குலக்குழுக்களின் பொதுச் சொத்தாக்கினார். தீவுகளின் நிலப்பரப்பில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கு இவ்வாறு பூர்வகுடிகளின் கையில் நின்றது. ஆஸ்திரேலியாவிலும் நியூஜீலந்திலும் பூர்வகுடிகள் அடைந்த கதியை நினைப்பவர் இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. தலைவர்களின் மகாசபையைக் கூட்டி அவர்கள் மூலமாகவே ஆட்சி நடத்தினார். வரியைப் பணமாக வாங்காமல் விளைபொருளாக வாங்கினார். குடியானவன் தன் கிராமத்தைவிட்டுத் தோட்டக் கூலியாகப் போய்விடாதபடி பலவிதத்திலும் தடுத்தார்.

ஆனால் சர்க்கார் நடத்தப் பணம் வேண்டும், லண்டன் கொடுக்காது, தோட்டத்தொழில் வளர்ந்தால்தான் வருமானம் வரும், தோட்டத்துக்கு ஆள் வேண்டும். சாலமன் தீவுகளிலிருந்தும் நியூ ஹெப்ரைடீஸிலிருந்தும் ஏய்த்தும் பிடித்தும் கொண்டுவரப்பட்ட தீவுவாசிகள் போதவில்லை. டிரினிடாடிலும் மொரீஷியஸிலும் இந்தியக் கூலிகளின் உழைப்பைக் கண்ணால் கண்டிருந்த கோர்டனுக்கு விடை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. திட்டத்தின் இரண்டாவது கால் அதுதான். பிஜியனைக் காப்பாற்றுவதற்காக இந்தியனைக் கொண்டுவருவது. ஒருவனிடம் காட்டிய கருணையின் செலவை இன்னொருவனுடைய முதுகில் சுமத்துவது. கருணையும் கொடுமையும் வெவ்வேறு கைகளிலிருந்து வந்தவை என்று நினைப்பது பிழை. இரண்டும் ஒரே கோப்பில், ஒரே பேனாவால் எழுதப்பட்டவை. இந்த உண்மையை இரு சமூகத்தாரும் ஒருசேர உணர்ந்திருந்தால், பிற்காலத்தில் ஒருவரையொருவர் நோக்கி நீட்டிய விரலை வேறு திசையில் நீட்டியிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட லியோனிடாஸ் என்ற கப்பல் 1879-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் தேதி லெவூக்காவை அடைந்தது. காலராவும் பெரியம்மையும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயிருந்தன. எஞ்சியோர் அருகிலிருந்த சிறு தீவொன்றில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டார்கள். அது முதல் 1916 வரை 87 பிரயாணங்களில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வந்திறங்கினார்கள். அவர்கள் கைநாட்டு வைத்த ஒப்பந்தத்துக்குக் கிர்மிட் என்று பெயர்; ஒப்பந்த காலம் ஐந்து வருஷம். முழு வேலையையும் முடித்தால் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். முடிக்க முடியாதபடி வேலையை அளந்துவிடும் உரிமை மேற்பார்வையாளனிடம் இருந்தபடியால், காகிதத்தில் கண்ட கூலி கையில் வந்து சேர்ந்ததில்லை. பத்தடி நீளமும் ஏழடி அகலமும் கொண்ட லயன் அறையில் ஒரு குடும்பம், அல்லது தனி ஆண்கள் மூவர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள் சேர்த்ததனால் விளைந்த பலாத்காரங்களும் கொலைகளும் தற்கொலைகளும் அந்தக் காலத்து உத்தியோக அறிக்கைகளிலேயே பதிவாகியிருக்கின்றன. கப்பலேறும்போது கட்டிக்காத்த ஜாதி ஆசாரங்கள் சமுத்திரத்திலேயே கரைந்துபோயின. ஒரே கப்பலில் வந்தவர்கள் ஜஹாஜி உறவு கொண்டாடி, சொந்தச் சகோதரர்களைப்போலச் சாகும்வரை ஒட்டியிருந்தார்கள்.

நம்மவர் இந்தக் கதைக்குள் நுழைந்தது 1903-இல். வடக்கே ஆள் கிடைப்பது கடினமானபோது சென்னையில் ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் மலபாரிலிருந்தும், பஞ்சத்தாலும் கடனாலும் வீட்டுச் சண்டையாலும் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் பதினையாயிரம் பேர் வரையில் கப்பலேறினார்கள். போன இடத்தில் அவர்களுக்கு இரட்டை அன்னியம் நேர்ந்தது: வெள்ளைக்காரனுக்கு அவர்கள் கூலிகள், முன்னரே வந்து போஜ்புரியும் அவதியும் கலந்த ஒரு பேச்சை வளர்த்துக்கொண்டிருந்த வடக்கத்தியாருக்கு அவர்கள் பாஷை தெரியாத மதராஸிகள். 1926-இல் சாது குப்புசாமி என்பவர் நாந்தியில் தோற்றுவித்த தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தமிழையும் தெலுங்கையும் கற்பிக்கப் பள்ளிக்கூடங்களை நிறுவியது. இந்தியரின் கல்விக்கென்று சர்க்கார் சிறிதே செலவிட்ட காலத்தில், உழைத்துக் களைத்த விவசாயிகள் கைக்காசு போட்டு எழுப்பிய கட்டடங்கள் அவை. பாரதியார் கரும்புத் தோட்டத்துப் பெண்களின் துயரத்தைப் பாடியதும், சி. எஃப். ஆண்ட்ரூஸும் பியர்ஸனும் 1915-இல் நேரில் சென்று கண்டு எழுதியதும், அங்கே கூலியாக இருந்து திரும்பிய தோதாராம் ஸனாத்யா தம் இருபத்தோராண்டு அனுபவத்தை ஹிந்தியில் நூலாக வெளியிட்டதும் தேசத்தைக் குலுக்கின. 1920-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியோடு எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பிஜி என்ற பெயர் நினைவூட்டும் கதை பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகிறது. ஆனால் பெரும் சிக்கல் ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

ஒப்பந்தம் முடிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பவில்லை. அவர்களுக்கு ஜீவனம் வேண்டும், தெரிந்த தொழில் கரும்பு, கரும்புக்கு நிலம் வேண்டும், நிலமோ பிஜியருடையது. சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட காலனியல் ஷுகர் ரிஃபைனிங் கம்பெனி, ஸி. எஸ். ஆர். என்ற மூன்றெழுத்தால் தீவெங்கும் அறியப்பட்டது. 1882-இல் நௌசோரியில் ஆலை ஓட்டத் தொடங்கி, பா, லம்பாசா, லௌத்தோக்கா என்று பரவிய அந்த ஸ்தாபனம், கூலிகள் கிடைக்காமல் போனதும் ஒரு புத்திசாலித்தனமான மாறுதலைச் செய்தது. பெரிய தோட்டங்களைப் பத்து ஏக்கர்த் துண்டுகளாக்கி இந்தியரிடம் குத்தகைக்கு விட்டது. மழை பொய்த்தாலும் புயல் அடித்தாலும் நஷ்டம் குத்தகைக்காரனுக்கு. கரும்பை வாங்குவதும் விலை சொல்வதும் கம்பெனி. கம்பெனி நிலம் போதாதவர்கள் பிஜியக் குலங்களிடம் நேரே சென்று குத்தகை பேசினார்கள். இவ்வாறு இரு சமூகமும் சந்தித்துக்கொண்ட முக்கியமான இடம் குத்தகைச் சீட்டாகவே ஆயிற்று. பள்ளிக்கூடம் தனி, ஆஸ்பத்திரி வார்டு தனி, ஊர் தனி. பிஜியன் தலைவனுடைய அநுமதியின்றிக் கிராமத்தைவிட்டு வெளியே தங்குவதற்கு இல்லை. இந்தியன் பிஜியக் கிராமத்தில் குடியிருப்பதற்கு இல்லை.

இயற்கையாகவே அவர்கள் ஒட்டாதவர்கள் என்று சொல்வோருக்கு ஒரு சம்பவத்தை நினைவூட்டலாம். 1884-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸிரியா என்ற கூலிக் கப்பல் நசிலாய்ப் பவளப் பாறையில் மோதி உடைந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மூழ்கி இறந்தார்கள். அலைக்குள் படகு செலுத்திப் பிறரை மீட்டுக் கரைசேர்த்தவர்களில் நசிலாய் கிராமத்துப் பிஜியரும் இருந்தார்கள். யார் எவரென்று அறியாத அந்த மனிதர்களுக்கு அவர்கள் உணவும் கொடுத்தார்கள். மரபுகளிலும் ஒப்புமை உண்டு: தலைநகரான சூவாவின் மாரியம்மன் கோயிலில் நம்மவர் தணலில் இறங்கிப் பூமிதிக்கிறார்கள். பெங்காத் தீவுப் பிஜியரோ காய்ச்சிச் சிவந்த கற்களின்மீது நடக்கும் மரபை நெடுங்காலமாகப் போற்றிவருகிறார்கள். இத்தகைய இரு கூட்டத்தார் ஒருவர் வாசலை ஒருவர் மிதியாமல் மூன்று தலைமுறை வாழ்ந்தார்கள் என்றால், அதற்குச் சட்டத்தின் உதவி தேவைப்பட்டிருக்கிறது.

நிலப் பிரச்சினைக்கு ஓர் உருவம் கொடுத்தவர் ரத்து ஸர் லாலா சுக்குனா. ஆக்ஸ்போர்டில் கற்று, முதல் மகாயுத்தத்தில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போரிட்டுக் காயமுற்ற இந்தத் தலைவர், தம் இனத்தாரைக் குலம் குலமாகச் சென்று இணங்கச்செய்து, 1940-இல் பூர்வகுடி நிலக் காப்பு வாரியத்தை நிறுவுவித்தார். குலங்கள் இனித் தாமே குத்தகை பேச வேண்டாம். வாரியம் பேசும், வசூலிக்கும், பங்கிட்டுத் தரும். ஒருவகையில் இது இந்தியக் குடியானவனுக்கும் உபகாரமாயிற்று. ஒரே நிலத்துக்குப் பலரிடம் பலமுறை கைக்கூலி கொடுத்த தொல்லை குறைந்தது. ஆனால் பங்கீட்டின் முறை தீங்கானது. வாரியம் நிர்வாகச் செலவுக்கென்று நாலில் ஒரு பங்குவரை எடுத்துக்கொள்ள, எஞ்சியதில் பல படித்தரத் தலைவர்களும் தத்தம் பாகத்தைப் பெற்றபின், குலத்தின் சாமானிய அங்கத்தினனுக்குக் கிடைத்தது கைச்செலவுக்கும் காணாத தொகை. அவன் தன் நிலத்தில் இந்தியன் வெட்டும் கரும்பையும் கட்டிய வீட்டையும் பார்த்தான். தன் கையிலிருந்த சில்லறையையும் பார்த்தான். இந்தியனோ, என்னதான் உழைத்து மண்ணைத் திருத்தினாலும் அது என் மகனுக்கு நிலைக்காது என்று பெருமூச்சு விட்டான். இரண்டு மனத்தாங்கலும் நியாயமானவை. இவ்விருவர் உழைப்பினாலும் நிலத்தினாலும் கொழுத்த கம்பெனியின் பங்குதாரர்களோ சிட்னியில் இருந்தார்கள். அவர்களை இருவருமே கண்ணால் கண்டதில்லை.

இரண்டாம் மகாயுத்தம் பிளவை ஆழமாக்கியது. பிஜியர் தங்கள் தலைவர்களின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்து, சாலமன் தீவுக் காடுகளில் அஞ்சாமல் போரிட்டார்கள். அவர்களில் ஸெஃபனாயா சுக்கனைவாலு என்ற வீரர் இறந்தபின் விக்டோரியா சிலுவை பெற்றார். இந்தியர்கள் வெள்ளைச் சிப்பாய்க்குச் சமமான சம்பளம் கேட்டார்கள்; மறுக்கப்பட்டது; சில நூறு பேரே சேர்ந்தார்கள். போதாததற்கு 1943-இல், வக்கீல் ஏ. டி. பட்டேலும் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த சுவாமி ருத்ரானந்தரும் வழிநடத்திய மகா சங்கம் என்ற விவசாயிகள் சங்கத்துக் குடியானவர்கள் விலை உயர்வு கோரிக் கரும்பு வெட்ட மறுத்தார்கள். சமத்துவம் கேட்டதும் நியாய விலை கேட்டதும் குற்றமாகா. ஆயினும் மகனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு ஏங்கியிருந்த பிஜியத் தாயின் கண்ணுக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது என்பதையும் மறுக்கலாகாது. இந்தியன் ராஜபக்தியற்றவன், பணத்தாசை கொண்டவன் என்ற பேச்சை வெள்ளையர் வேண்டுமென்றே பரப்பினார்கள். ராணுவம் ஏறக்குறைய முழுதும் ஓர் இனத்துக்கே உரியதாக அமைந்தது அந்த நாட்களின் விளைவே. 1946-ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் இந்தியர் முதன்முறையாகப் பிஜியரைவிட எண்ணிக்கையில் மிகுந்தபோது, 1921-இல் எண்பத்து நாலாயிரமாகக் குறைந்து போயிருந்த தம் இனத்தின் நினைவு மாறாத தலைவர்களுக்குக் கிலி பிடித்தது.

வாக்குரிமையும் இவ்வாறே வேலி போட்டு வழங்கப்பட்டது. 1929-இல் இந்தியருக்குச் சட்டசபையில் மூன்று ஸ்தானங்கள் தனித் தொகுதியாகக் கிடைத்தபோது, இனபேதமற்ற பொதுப் பட்டியல் வேண்டுமென்று இந்தியப் பிரதிநிதியான விஷ்ணு தேவ் பிரேரணை கொண்டுவந்து, அது தோற்றதும் சகாக்களோடு சபையைவிட்டு வெளியேறினார். பட்டேல் தம் ஆயுள் முழுவதும் இந்தக் கோரிக்கையை விடவில்லை. பொதுப் பட்டியல் என்றால் இந்திய ஆதிக்கம் என்று பிஜியத் தலைவர்கள் அஞ்சினார்கள். அஞ்சுவதற்கு எண்ணிக்கையில் ஆதாரமும் இருந்தது. பிஜியர் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றது 1963-இல்தான் என்பதை அறிந்தால், அதுவரை மகாசபையின் சொல்லே அவர்களுக்கு அரசியலாக இருந்த நிலைமை விளங்கும்.

வேலியைத் தாண்டிய ஒரு முயற்சியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். 1959-ஆம் ஆண்டு டிசம்பரில் சூவா நகரத்து எண்ணெய்க் கம்பெனித் தொழிலாளர், பிஜியரும் இந்தியரும் ஒன்றாக நின்று, வாரச் சம்பளத்தை உயர்த்தக் கோரி வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜேம்ஸ் அந்தோணியும் அப்பிசாய் தோராவும் அவர்களுடைய தலைவர்கள். போலீஸார் கூட்டத்தைக் கலைக்கக் கண்ணீர்ப்புகை வீசியதைத் தொடர்ந்து ஏற்பட்ட கலகத்தில் கல்லெறிக்கு இலக்கானவை வெள்ளையர் கடைகள். ஒரு வேலைநிறுத்தத்தில் இவ்விரு இனத்தாரும் தோளோடு தோள் சேர்ந்ததைக் கண்டு சர்க்கார் திடுக்கிட்டது. உடனே பிஜியத் தலைவர்கள் ஆல்பர்ட் பூங்காவில் பெருங்கூட்டம் கூட்டித் தம் மக்களைத் தனியே அழைத்து, அன்னியர் பேச்சைக் கேட்டு மயங்கவேண்டாம் என்று புத்தி சொல்லித் திருப்பியனுப்பினார்கள். ஒற்றுமை சில நாட்களே நீடித்தது. அந்த அப்பிசாய் தோராவே இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, நாடு பூர்வகுடிகளுக்கே என்று முழங்கிய இயக்கத்தின் முன்னணியில் நின்றார் என்பது பிஜி வரலாற்றின் மிகத் துயரமான பக்கங்களில் ஒன்று. 1959-இல் அந்தத் தொழிலாளர்களுக்கு அவகாசம் கிடைத்திருந்தால் நாட்டின் அரசியல் வேறு பாதையில் போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சுதந்திரம் 1970-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி, சாசனம் எழுதிய அதே தினத்தில் வந்தது. ரத்து ஸர் காமிசேசே மாரா பிரதமரானார். பிரதிநிதி சபையின் 52 ஸ்தானங்களில் பிஜியருக்கு 22, இந்தியருக்கு 22, ஏனையோருக்கு 8 என்று வகுக்கப்பட்டது. பட்டேல் முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். ஆனால் கரும்பு விலை வழக்கில் விவசாயிகளுக்காக அவர் வாதாடியதன் பயன், டென்னிங் பிரபுவின் தீர்ப்பாக 1970-இல் வெளிவந்தது. வருமானத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு விளைவித்தவனுக்கு என்று அத்தீர்ப்பு கூறியதும், தொண்ணூறு வருஷம் லாபம் எடுத்த கம்பெனி இனிக் கட்டுப்படியாகாது என்று மூட்டை கட்டியது. 1973-இல் ஆலைகள் பிஜி சர்க்காரின் உடைமையாயின. ஐரோப்பியச் சந்தை உலக விலையைவிட மிகுதியாகக் கொடுத்துச் சர்க்கரை வாங்கிய வருஷங்கள் அவை. அந்த வரவு உள்நோயை மறைத்துக்கொண்டிருந்தது.

1987 ஏப்ரலில் டாக்டர் திமோசி பவாந்திராவின் தொழிற்கட்சியும் பட்டேலின் வழிவந்த தேசிய சமஷ்டிக் கட்சியும் கூட்டாக 28 ஸ்தானங்களை வென்றன. பவாந்திரா பிஜியர்தான்; மேற்குப் பகுதியின் விசேசே கிராமத்தவர்; வைத்தியர். ஆயினும் கிழக்குத் தீவுகளின் தலைமைக் குடும்பங்களைச் சேராதவர். அவர் மந்திரிசபையில் இந்தியர் கணிசமாக இருந்தார்கள். ஒரு மாதமே ஆயிற்று. மே 14-ஆம் தேதி காலையில் லெப்டினன்ட் கர்னல் சித்திவேனி ரம்புக்கா ஆயுதந்தாங்கிய சிப்பாய்களோடு சட்டசபைக்குள் புகுந்து மந்திரிகளைச் சிறைப்பிடித்தார். லியோனிடாஸ் கப்பல் வந்த அதே தேதி. இனத்தின் பெயரால் நடந்த இந்த அக்கிரமத்தில் இனம் பாதிக் காரணமே. ஆட்சி கைமாறியதைச் சகியாத பழைய பிரபுத்துவமும், சாமானியப் பிஜியனொருவன் பிரதமரானதைப் பொறாத மனோபாவமும் மற்றப் பாதி. செப்டம்பரில் இரண்டாவது புரட்சி; அக்டோபரில் குடியரசுப் பிரகடனம். 1990-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் 70 ஸ்தானங்களில் 37-ஐப் பிஜியருக்கும் 27-ஐ இந்தியருக்கும் ஒதுக்கி, பிறந்த நாட்டிலேயே ஒரு சமூகத்தை இரண்டாந்தரப் பிரஜைகளாக்கியது. ஆசிரியர்களும் வைத்தியர்களும் கணக்கர்களும் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் வான்கூவருக்கும் கிளம்பினார்கள். பின்வந்த ஆண்டுகளில் அவ்வாறு சென்றவர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

போக வசதியற்ற கரும்பு விவசாயிகளை 1997 முதல் வேறொரு துன்பம் சூழ்ந்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்த குத்தகைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகத் தொடங்கின. சட்டப்படி வாடகை, திருத்தாத நிலத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஆறுக்கு மேற்படலாகாது. பணவீக்கத்தின் காலத்தில் அது நிலச் சொந்தக்காரருக்கு அற்பம் என்பது உண்மை. ஆகவே பலர் புதுப்பிக்க மறுத்தார்கள். தகப்பன் திருத்திய நிலத்தில் வளர்ந்த மகன், வீட்டுத் தகரத்தையும் மரச்சட்டங்களையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு, சூவா, லௌத்தோக்கா நகரங்களின் ஓரத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்குப் பெயர்ந்தான். நிலத்தைத் திரும்பப் பெற்ற குலங்களில் பலருக்கோ கரும்பு பயிரிட முதலும் இல்லை, பழக்கமும் இல்லை, வயல்கள் புதராயின. 1990-களின் நடுவில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் எட்டிய சர்க்கரை உற்பத்தி, அதன்பின் இரண்டு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. வெளியேறியவனுக்கும் நஷ்டம், வெளியேற்றியவனுக்கும் நஷ்டம். ஐரோப்பியச் சலுகை விலையும் முடிவுக்கு வந்தபோது எஞ்சியிருந்த ஊன்றுகோலும் போயிற்று.

நல்ல எண்ணமுடையோர் இதற்கிடையே முயலாமல் இல்லை. பால் ரீவ்ஸ், தோமாசி வக்காத்தோரா, கிர்மிட் வம்சத்தவரான வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் ஆகிய மூவர் அடங்கிய குழுவின் ஆலோசனைகளை அடிப்படையாகக் கொண்டு 1997-இல் சீரான ஓர் அரசியல் சட்டம் நிறைவேறியது. 1999-இல் மகேந்திர சௌத்ரி முதல் இந்தியப் பிரதமரானார். சரியாக ஓராண்டில், 2000 மே 19-ஆம் தேதி, ஜார்ஜ் ஸ்பைட் என்பவன் துப்பாக்கியோடு வந்து அவரையும் சகாக்களையும் 56 நாட்கள் பிணையாக அடைத்துவைத்தான். முவானிவேனிப் பகுதியில் இந்திய விவசாயிகளின் வீடுகள் சூறையாடப்பட்டன. அங்கிருந்து ஓடிவந்தவர்கள் லௌத்தோக்காவில் கிர்மிட் நினைவு மண்டபத்தில் அகதிகளாகத் தங்கினார்கள். 2006-இல் படைத்தலைவர் பைனிமராமா, இன அரசியலை ஒழிக்கவே வந்தேன் என்று சொல்லித் தாமும் துப்பாக்கியாலேயே ஆட்சியைப் பிடித்தார். அவர் கொண்டுவந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இனவாரித் தொகுதிகளை அகற்றி, பிரஜைகள் எல்லோருக்கும் பிஜியர் என்ற ஒரே பெயரைக் கொடுத்தது. விஷ்ணு தேவும் பட்டேலும் கேட்ட பொதுப் பட்டியல் இவ்வாறு கிடைத்தது. ஆனால் பத்திரிகைகளின் வாயைக் கட்டி, தலைவர்களின் மகாசபையைக் கலைத்து, மக்களைக் கேட்காமல் மேலிருந்து வழங்கிய சமத்துவம் பூர்வகுடிகளின் நெஞ்சில் புதிய காயத்தையே உண்டாக்கியது. நல்ல காரியத்தைத் தகாத வழியில் செய்ததன் பலன் அது.

2022 டிசம்பர்த் தேர்தலுக்குப் பின் அதே ரம்புக்கா, பட்டேலின் தேசிய சமஷ்டிக் கட்சியையும் சேர்த்துக்கொண்டு கூட்டாட்சி அமைத்தார். 2023-ஆம் ஆண்டு மே 14-ஆம் தேதி நடந்த சமாதான வழிபாட்டில், 1987-இல் தாம் செய்ததற்காக இந்திய வம்சாவளியினரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவ்வருஷம் முதல் கிர்மிட் தினம் சர்க்கார் விடுமுறையாயிற்று. மகாசபையும் மீண்டும் கூடியது. ஆயுதம் ஏந்தியவர் தாமே வாய்திறந்து மன்னிப்புக் கேட்பது உலகத்தில் அடிக்கடி நிகழ்வதன்று. அதை நான் மதிக்கிறேன். எனினும் ஒருகாலத்தில் ஜனத்தொகையில் பாதியாக இருந்த இந்தியர் 2007-ஆம் ஆண்டுக் கணக்கிலேயே நூற்றுக்கு முப்பத்தேழரையாகச் சுருங்கிவிட்டார்கள், போனவர்கள் திரும்பப்போவதில்லை. பெரும்பான்மையாகிவிட்ட பிஜியருக்கு இனி அஞ்சுவதற்கு எண்ணிக்கை ஒரு காரணமாகாது. ஆகையால் நிலச் சொந்தக்காரருக்கு நியாயமான வாடகையும், உழுகிறவனுக்குத் தன் மகன் காலம்வரை நிலைக்கும் குத்தகையும் ஒரே சட்டத்தில் எழுதிக்கொள்ள இதைவிட ஏற்ற தருணம் அந்நாட்டுக்கு வாய்த்ததில்லை. ரம்புக்காவின் மன்னிப்புக்கு அடுத்தபடியாகச் செய்யவேண்டியது அதுதான். அதைச் சூவாவிலுள்ள சட்டசபையும் மத்தாங்கலித் தலைவர்களும் சேர்ந்துதான் செய்யமுடியும்.